ஓர் அடைப்புக்குறி கூடிவிட்டால்: லிஸ்ப் நிரலில் சிக்கிக்கொள்ளும்போது உதவி பெறும் வழி

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் சுருக்கிச் சொல்லிக்கொள்கிறேன். ஒரு பட்டியலில் உள்ள இரட்டை எண்களை ஒவ்வொன்றாக அச்சிட்டு, அவை மொத்தம் எத்தனை என்றும் எண்ணிச் சொல்லும் செயற்கூறு (ஃபங்ஷன்) ஒன்றை, லிஸ்ப் குடும்பத்தைச் சேர்ந்த ராக்கெட் மொழியில் எழுதியிருக்கிறீர்கள். 1, 2, 3, 4 அடங்கிய பட்டியலைக் கொடுத்தால் திரையில் 24 என்று வருகிறது. அதை ஒட்டி 'அப்ளிகேஷன்: நாட் எ ப்ரொசீஜர்' என்ற பிழைச்செய்தி சிவப்பில் வருகிறது. தேடிப் பார்த்ததில், அச்சிடும் கோவை (எக்ஸ்பிரஷன்), எண்ணும் கோவை இரண்டையும் 'ப்ராக்என்' என்பதற்குள் வைக்கச் சொன்ன ஒரு பதில் கிடைத்திருக்கிறது. அப்படிச் செய்ததும் 'அன்பவுண்ட் ஐடென்டிஃபையர்' என்று வேறொரு பிழை வந்துவிட்டது. நிரலைப் படம் பிடித்து நண்பர்களுக்கு அனுப்பியும் பதில் இல்லை. பிழை எங்கே இருக்கிறது, இப்படி மாட்டிக்கொள்ளும்போது உதவியை எப்படிக் கேட்பது என்பவை உங்கள் இரு கேள்விகள்.

இவ்விரண்டையும் நான் தனித்தனியாகப் பார்ப்பதில்லை. லிஸ்ப் குடும்பத்து மொழிகளில் பிழையைக் கண்டுபிடிக்கும் வழியும் நல்ல கேள்வியைத் தயாரிக்கும் வழியும் ஒன்றுதான்: தவறாக நடக்கும் கோவையைத் தனியே பெயர்த்தெடுத்து, இனி ஒரு சொல்லைக்கூட நீக்க முடியாது என்னும் அளவுக்குச் சிறிதாக்குவது. அப்படிச் சிறிதாக்கும்போது பெரும்பாலும் விடை நம் கண்ணிலேயே பட்டுவிடும். படாவிட்டால், கையில் எஞ்சியிருக்கும் அந்த ஒற்றை வரிதான் பிறரிடம் கேட்க வேண்டிய கேள்வி.

உங்கள் நிரலில் சிக்கலான பகுதி இது. மொழியின் சொற்களையும் தமிழ் எழுத்திலேயே தருகிறேன்: காண்ட் என்பது நிபந்தனைக்கேற்ப ஒரு கிளையைத் தேர்வது, ஃபர்ஸ்ட் பட்டியலின் முதல் உறுப்பு, ரெஸ்ட் மிச்சப் பட்டியல், டிஸ்பிளே அச்சிடுவது. ராக்கெட் யூனிகோட் பெயர்களை ஏற்பதால், செயற்கூற்றுக்கும் மாறிக்கும் நீங்கள் தமிழில் பெயர் வைத்திருப்பதில் தவறு எதுவும் இல்லை. அது வரவேற்க வேண்டியதும்கூட.

(டிஃபைன் (இரட்டை-எண்ணிக்கை பட்டியல்)
  (காண்ட்
    [(எம்ப்டி? பட்டியல்) 0]
    [(ஈவன்? (ஃபர்ஸ்ட் பட்டியல்))
     ((டிஸ்பிளே (ஃபர்ஸ்ட் பட்டியல்))
      (+ 1 (இரட்டை-எண்ணிக்கை (ரெஸ்ட் பட்டியல்))))]
    [எல்ஸ் (இரட்டை-எண்ணிக்கை (ரெஸ்ட் பட்டியல்))]))

இதைப் பார்த்தவுடன் நான் விடையைச் சொல்லிவிட முடியும். ஆனால் நீங்களே அதை எட்டும் வழியைக் காட்டுவதுதான் அடுத்த முறையும் உங்களுக்குப் பயன்படும். ராக்கெட் நிரலை எழுதி ஓட்டும் மென்பொருளான டாக்டர் ராக்கெட்டின் கீழ்ப்பகுதியில் கோவையைத் தட்டினால் உடனே விடை தரும் ஊடாட்டச் சாளரம் இருக்கிறது. லிஸ்ப் மொழிகளில் இதை ரெப்பிள் என்பார்கள். அங்கே நான்கு எண்களைக் கொண்ட பட்டியலுக்குப் பதிலாக வெறும் பட்டியலை, அதாவது '() என்பதைக் கொடுத்துப் பாருங்கள். 0 வரும், பிழை இல்லை. '(1) கொடுங்கள், மீண்டும் 0, பிழை இல்லை. '(2) கொடுங்கள். இப்போது பிழை வருகிறது. ஆகவே பிழையை உண்டாக்கும் மிகச்சிறிய உள்ளீடு ஒரே ஒரு இரட்டை எண்ணைக் கொண்ட பட்டியல்தான். முதல் கிளையும் மூன்றாவது கிளையும் குற்றமற்றவை என்பதும் இதிலேயே தெரிந்துவிடுகிறது.

அடுத்து அந்த நடுக் கிளையை வெளியே எடுங்கள். பட்டியலின் முதல் உறுப்பு 2. மிச்சப் பட்டியலின் எண்ணிக்கை 0. மாறிகள் இருந்த இடத்தில் இந்த மதிப்புகளை வைத்தால் எஞ்சுவது இவ்வளவுதான்:

((டிஸ்பிளே 2) (+ 1 0))

இந்த ஒற்றை வரியைத் தட்டினாலே அதே பிழை வரும். (டிஸ்பிளே 2) என்று மட்டும் தட்டினால் வராது. (+ 1 0) என்று மட்டும் தட்டினாலும் வராது. உள்ளே இருக்கும் இரண்டும் சரி என்றால், குற்றம் அவற்றைச் சுற்றி நிற்கும் வெளி அடைப்புக்குறிகளிடம்தான் இருக்க வேண்டும்.

இருப்பதும் அங்கேதான். கணக்கில் 5 என்பதும் (5) என்பதும் ஒன்று. சி, ஜாவா போன்ற மொழிகளிலிருந்து வருபவர்களுக்கும், பல கூற்றுகளை ஒன்றாகக் கட்ட நெளிவு அடைப்புக்குறிக்குள் வைப்பது பழகிய செயல். லிஸ்ப்பில் அடைப்புக்குறி கட்டுவதற்கான கயிறு அன்று. 'முதலில் நிற்பதை அழைத்து, பின்னால் நிற்பவற்றை அதன் கையில் கொடு' என்ற கட்டளை அது. ஆகவே (5) என்று எழுதினால், 5 என்ற எண்ணைச் செயற்கூறாக எண்ணி அழைக்கச் சொல்கிறோம் என்று பொருள். உங்கள் வரியில் முதலில் நிற்பது (டிஸ்பிளே 2). அது 2 என்று அச்சிட்டுவிட்டு, சொல்லத் தகுந்த மதிப்பு இல்லை என்பதற்கு அடையாளமான வாய்ட் என்ற பொருளைத் திருப்பித் தருகிறது. ராக்கெட் அந்த வாய்டைச் செயற்கூறாக அழைத்து 1 என்ற எண்ணை அதன் கையில் கொடுக்க முயல்கிறது. செய்தியின் பின்வரியில் 'கிவன்' என்ற சொல்லை அடுத்து வாய்ட் என்று இருந்ததே, அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. பிழைச்செய்தியின் தலைப்பு வரியோடு நின்றுவிடுவது எல்லோரும் செய்வது. ஆனால் வழியைக் காட்டும் சொல் பெரும்பாலும் அதற்கடுத்த வரிகளில்தான் இருக்கும்.

24 என்று அச்சானதும் உங்களைத் திசை திருப்பியிருக்கும் என்று நினைக்கிறேன். இரண்டு எண்களும் சரியாக அச்சாகிவிட்டதால், அச்சிடும் இடத்தில் குறையில்லை, அதற்குப் பிறகே ஏதோ நடந்திருக்கிறது என்று தோன்றுவது இயல்பு. ராக்கெட் ஒரு கோவையில் உள்ளவற்றை இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக மதிப்பிட்டு முடித்த பிறகே அழைப்பைச் செய்கிறது. முதலில் 2 அச்சாகிறது. வலப்பக்கத்தை மதிப்பிடப் போன இடத்தில் தற்சுழற்சியால், அதாவது செயற்கூறு தன்னையே மீண்டும் அழைப்பதால், 4 அச்சாகிறது. அந்த உள் அழைப்பில்தான் பிழை வெடிக்கிறது. ராக்கெட்டின் மூதாதையான ஸ்கீம் மொழியின் தர வரையறைகள் இந்த மதிப்பிடும் வரிசையை விதிப்பதில்லை. ஆகவே வலப்பக்கத்தை முதலில் மதிப்பிடும் வேறொரு ஸ்கீமில் இதே நிரல் 4 என்று மட்டும் அச்சிட்டுவிட்டு நின்றுபோகலாம்.

இங்கேதான் உங்களுக்குக் கிடைத்த அந்தப் பதிலைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. அது தவறான பதில் இல்லை. அதே குடும்பத்து வேறொரு மொழியான காமன் லிஸ்ப்புக்கான சரியான பதில். பல கோவைகளை வரிசையாக மதிப்பிட்டுக் கடைசி மதிப்பைத் தரும் அமைப்புக்கு அங்கே ப்ராக்என் என்று பெயர். ராக்கெட்டிலும் ஸ்கீமிலும் அதே வேலைக்கு 'பிகின்' என்று பெயர், குளோஜரில் 'டூ' என்று பெயர். ராக்கெட்டுக்கு ப்ராக்என் என்ற பெயரே தெரியாததால் 'அறியாத பெயர்' என்று மறுத்துவிட்டது.

லிஸ்ப் என்பது ஒரு மொழியின் பெயர் என்று எண்ணிக் கேள்வி கேட்பதுதான் தொடக்கநிலையில் பெரும்பாலான குழப்பங்களுக்குக் காரணம். ஜான் மெக்கார்த்தி 1958-இல் எம்.ஐ.டி.யில் தொடங்கிய மொழி இன்று ஒரு குடும்பம். 1975-இல் சஸ்மனும் ஸ்டீலும் உருவாக்கிய ஸ்கீம், 1994-இல் அமெரிக்கத் தர நிறுவனத்தின் ஏற்பைப் பெற்ற காமன் லிஸ்ப், ஈமாக்ஸ் என்ற உரைத்திருத்தியை இயக்கும் ஈமாக்ஸ் லிஸ்ப், ரிச் ஹிக்கி 2007-இல் வெளியிட்ட குளோஜர், பி.எல்.டி. ஸ்கீம் என்ற பெயரில் வளர்ந்து 2010-இல் பெயர் மாறிய ராக்கெட் என்று அது கிளைத்திருக்கிறது. முகச்சாயல் ஒன்றாக இருப்பதாலேயே ஒன்றுக்குரிய விடையை மற்றொன்றில் ஒட்டிவிடத் தோன்றும். உங்கள் ஒற்றை வரிப் பிழையையே எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்.பி.சி.எல். என்ற காமன் லிஸ்ப் கம்பைலரிடம் இதற்கு இணையான வரியைக் கொடுத்தால், தொகுக்கும்போதே 'இல்லீகல் ஃபங்ஷன் கால்' என்று சொல்லிவிடும். ஈமாக்ஸ் லிஸ்ப் 'இன்வேலிட் ஃபங்ஷன்' என்று சொல்லும். குளோஜரில் அச்சிடும் செயற்கூறு, 'ஒன்றுமில்லை' என்று பொருள்படும் நில் என்ற மதிப்பைத் தருவதால், அதை அழைக்கப் போய் ஜாவாவின் 'நல் பாயின்டர் எக்ஸெப்ஷன்' வந்து நிற்கும். நோய் ஒன்று, முகம் நான்கு. மொழியின் பெயரைச் சொல்லாமல் பிழைச்செய்தியை மட்டும் சொன்னால் எந்த முகத்தைப் பார்க்கிறோம் என்பது பதில் சொல்பவருக்குத் தெரியாது.

பெயர்கள் மட்டும் மாறுபட்டால் சமாளித்துவிடலாம். பொருளே மாறுபடும் இடங்கள்தான் ஆபத்தானவை. காமன் லிஸ்ப்பில் வெறும் பட்டியலின் முதல் உறுப்பைக் கேட்டால் நில் வரும். ராக்கெட்டில் பிழை வரும். காமன் லிஸ்ப்பில் வெறும் பட்டியலும் பொய் என்ற மதிப்பும் ஒன்றே. ராக்கெட்டில் வெறும் பட்டியல் மெய் என்ற மதிப்பாகவே கொள்ளப்படும். ராக்கெட்டில் பட்டியலை வரிசைப்படுத்தினால் புதிய பட்டியல் கிடைக்கும், பழையது அப்படியே இருக்கும். காமன் லிஸ்ப்பின் 'சார்ட்' பழைய பட்டியலைச் சிதைத்துவிட உரிமை பெற்றது.

கடைசியாகச் சொன்னது என்னை ஒருமுறை இரண்டு நாள் அலைக்கழித்தது. காமன் லிஸ்ப்பில், நிரலுக்குள் மேற்கோள் குறியிட்டு நேரடியாக எழுதிய ஒரு பட்டியலை வரிசைப்படுத்தும் செயற்கூறு வைத்திருந்தேன். முதல்முறை அழைத்தால் சரியான விடை. இரண்டாம் முறை அழைத்தால் சில உறுப்புகளைக் காணவில்லை. சுமார் இருநூறு வரி நிரலை அப்படியே அனுப்பி, 'நினைவகத்தில் ஏதோ கோளாறு, உதவுங்கள்' என்று விவரம் அறிந்தவர்களிடம் கேட்டேன், யாரும் தொடவில்லை. பிறகு உட்கார்ந்து ஒவ்வொரு பகுதியாக வெட்டினேன். கடைசியில் மூன்று வரி மிஞ்சியது: மேற்கோளிட்ட பட்டியல், அதன் மேல் சார்ட், இருமுறை அழைப்பு. அதைக் கேட்டபோது சில நிமிடங்களில் விடை வந்தது. நிரலில் மாறிலியாக எழுதிய தரவை மாற்றினால் என்ன நடக்கும் என்பதற்கு அந்த மொழியின் தர வரையறை எந்த உறுதியும் தருவதில்லை. வரிசைப்படுத்தும் முன் பட்டியலைப் படியெடுக்க வேண்டும். முதலில் பதில் தராதவர்கள் மேல் எனக்குக் குறையில்லை. இருநூறு வரியில் எங்கே பார்க்க வேண்டும் என்பதை நான் அவர்களுக்குச் சொல்லவில்லை.

உங்கள் நண்பர்கள் பேசாமல் இருந்ததற்கும் இதுவே காரணமாக இருக்கும். படத்தில் உள்ள நிரலை எவரும் தம் கணினியில் ஓட்டிப் பார்க்க முடியாது. முழுவதையும் கைப்பட அடிக்க வேண்டும், அடிக்கும்போது நீங்கள் கூடுதலாகப் போட்ட அடைப்புக்குறியை அவர்கள் தம்மை அறியாமலே திருத்திவிடவும் கூடும். ஆகவே எழுத்தாகவே அனுப்புங்கள். பிழைச்செய்தியையும் ஒரு எழுத்து விடாமல், உங்கள் சொற்களில் மாற்றாமல், அப்படியே ஒட்டுங்கள். கோப்பின் முதல் வரியில் இருக்கும் மொழி அறிவிப்பையும் பதிப்பு எண்ணையும் சேருங்கள். ராக்கெட்டில் இந்த முதல் வரி மற்ற மொழிகளைவிட முக்கியமானது, ஏனெனில் அந்த வரிதான் கோப்பின் மொழியையே தீர்மானிக்கிறது. டாக்டர் ராக்கெட்டில் மாணவர்களுக்கென்றே அமைந்த படிநிலை மொழிகள் உள்ளன. அவற்றில் தொடக்கநிலை மொழியில் உங்கள் ஒற்றை வரியைப் போன்ற ஒன்றை எழுதினால், 'திறந்த அடைப்புக்குறிக்குப் பின் ஒரு செயற்கூற்றை எதிர்பார்த்தேன், வேறொன்று இருக்கிறது' என்ற பொருள்படும் செய்தி, நிரல் ஓடுவதற்கு முன்பே வந்துவிடும். தொடக்கநிலையில் இருப்பவர்களுக்கு முழு ராக்கெட்டைவிட இந்த மொழிகளே ஏற்றவை என்பது என் உறுதியான கருத்து. அவற்றைச் சிறுபிள்ளைகளுக்கானவை என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

பிழைச்செய்தி புரியவில்லை என்பதற்காக வெட்கப்படவும் வேண்டாம். மார்சோ, ஃபிஸ்லர், கிருஷ்ணமூர்த்தி ஆகிய மூவர், டாக்டர் ராக்கெட்டின் பிழைச்செய்திகளை மாணவர்கள் எப்படி எதிர்கொள்கிறார்கள் என்று ஆராய்ந்து 2011-இல் கட்டுரைகள் வெளியிட்டார்கள். செய்திகளில் வரும் கலைச்சொற்களையே மாணவர்கள் பலர் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்பது அவற்றின் முக்கியமான முடிவுகளுள் ஒன்று. ஆங்கிலத்தில் கற்பவர்களுக்கே அப்படியென்றால், தமிழில் சிந்திக்கும் நாம் ஒவ்வொரு சொல்லையும் ஒருமுறை நிறுத்திப் பார்ப்பது இன்னும் தேவையானது. 'அப்ளிகேஷன்' என்பது இங்கே விண்ணப்பமும் இல்லை, செயலியும் இல்லை. ஒரு செயற்கூற்றை உள்ளீடுகளின் மேல் செலுத்துவது. 'ப்ரொசீஜர்' என்பது செயற்கூறு. இவ்விரண்டும் தெரிந்தால், 'செலுத்தல்: செலுத்தப்பட்டது செயற்கூறு அன்று' என்று அந்தச் செய்தி நேராகவே பேசுகிறது.

இன்னொன்று, உள்தள்ளல். லிஸ்ப் எழுதிப் பழகியவர்கள் அடைப்புக்குறிகளை எண்ணிப் படிப்பதில்லை; வரிகளின் உள்தள்ளலைப் பார்த்தே நிரலின் அமைப்பைப் படிக்கிறார்கள். ஆகவே கைப்பட இடைவெளி விட்டு அழகுபடுத்திய நிரல் அவர்களை ஏமாற்றிவிடும். டாக்டர் ராக்கெட்டில் கன்ட்ரோல் விசையோடு ஐ விசையை அழுத்தினால் கோப்பு முழுவதும் மொழியின் விதிப்படி உள்தள்ளப்படும். அப்படிச் செய்த பிறகு ஒரு வரி நீங்கள் நினைத்த இடத்தில் நிற்காவிட்டால், பிழை அந்த வரிக்குச் சற்று மேலே இருக்கிறது என்று கொள்ளலாம். யாரிடமும் கேட்கும் முன் நான் செய்யும் முதல் வேலை இதுதான்.

தற்சுழற்சி உள்ள செயற்கூறுகளுக்கு மற்றொரு துணை 'டிரேஸ்'. ராக்கெட்டில் அதற்கான நூலகத்தை ஏற்றிக்கொண்டு செயற்கூற்றின் பெயரைக் கொடுத்தால், ஒவ்வொரு அழைப்பும் எந்த உள்ளீட்டோடு போனது, எந்த மதிப்போடு திரும்பியது என்பதை வரிவரியாகக் காட்டும். காமன் லிஸ்ப்பில் இது மொழியிலேயே அடங்கியிருக்கிறது. போன அழைப்பு திரும்பாமல் நின்ற வரி எதுவோ, அங்கே சிக்கல். மேக்ரோ, அதாவது நிரல் ஓடும் முன்பே வேறொரு கோவையாக விரியும் அமைப்பு, சம்பந்தப்பட்ட சிக்கல் என்றால் டிரேஸ் உதவாது. மேக்ரோ விரிந்த பின் என்ன கோவையாக மாறுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். அதற்குக் காமன் லிஸ்ப்பில் 'மேக்ரோஎக்ஸ்பாண்ட்-1' உண்டு, டாக்டர் ராக்கெட்டில் மேக்ரோ ஸ்டெப்பர் உண்டு. மேக்ரோவைப் பற்றிக் கேட்கும்போது அந்த விரிவையும் சேர்த்து அனுப்பினால் பாதி வேலை முடிந்துவிடும். ஒரு பெயரின் பொருள் தெரியாவிட்டால், டாக்டர் ராக்கெட்டில் அதன் மேல் சுட்டியை வைத்து எஃப்1 விசையை அழுத்துங்கள், ஆவணம் திறக்கும்.

கேள்வியில், என்ன செய்ய முயன்றீர்கள் என்பதையும் ஒரு வரியில் சொல்லுங்கள். 'வாய்டை எப்படிச் செயற்கூறாக மாற்றுவது?' என்று கேட்டிருந்தீர்களானால் அதற்கும் யாராவது ஒரு வழி சொல்லியிருப்பார்கள். நீங்கள் அதைப் பிடித்துக்கொண்டு வெகுதூரம் தவறான பாதையில் போயிருப்பீர்கள். 'எண்ணை அச்சிட்டுவிட்டு, பிறகு எண்ணிக்கையைக் கூட்ட விரும்புகிறேன்' என்று சொன்னால், அந்த வெளி அடைப்புக்குறியே வேண்டாம் என்று சொல்ல எதிரில் இருப்பவருக்கு வழி பிறக்கும். வகுப்புப் பயிற்சி என்றால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். நல்ல உதவியாளர் அப்போது முழு விடைக்குப் பதிலாகக் குறிப்பு தருவார்; அதுவே உங்களுக்கும் நல்லது. விடையை நண்பர் சொன்னாலும் இயந்திரம் சொன்னாலும், ரெப்பிளில் சிறிய உள்ளீட்டோடு ஓட்டிப் பார்க்காமல் ஏற்காதீர்கள். உங்களுக்குக் கிடைத்த ப்ராக்என் பதிலையும் ஒரு வரியில் சோதித்திருந்தால், அது வேறு மொழிக்கு உரியது என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

இப்போது திருத்தத்துக்கு வருகிறேன். காண்டின் ஒரு கிளைக்குள், நிபந்தனைக்குப் பிறகு எத்தனை கோவைகள் வேண்டுமானாலும் வரிசையாக எழுதலாம். கடைசிக் கோவையின் மதிப்பே கிளையின் மதிப்பு. ஆகவே பிகின்கூடத் தேவையில்லை. வெளி அடைப்புக்குறி ஒன்றையும் அதன் இணையையும் நீக்கினால் போதும்:

    [(ஈவன்? (ஃபர்ஸ்ட் பட்டியல்))
     (டிஸ்பிளே (ஃபர்ஸ்ட் பட்டியல்))
     (+ 1 (இரட்டை-எண்ணிக்கை (ரெஸ்ட் பட்டியல்)))]

காண்டுக்குப் பதில் இஃப் பயன்படுத்தியிருந்தால் அதன் ஒவ்வொரு கிளையும் ஒரே கோவையாக இருந்தாக வேண்டும். அப்போதுதான் பிகின் தேவைப்படும்.

என்னைக் கேட்டால், அச்சிடுவதையும் எண்ணுவதையும் ஒரே செயற்கூற்றில் கலக்காமல் இருப்பேன். (ஃபில்டர் ஈவன்? பட்டியல்) என்பது இரட்டை எண்களை மட்டும் கொண்ட புதிய பட்டியலைத் தந்துவிடும், அதன் நீளத்தை 'லெங்த்' சொல்லும், அதையே விருப்பப்பட்ட இடத்தில் அச்சிட்டுக்கொள்ளலாம். மதிப்பைத் தருவது ஒரு வேலை, திரையில் எழுதுவது வேறு வேலை என்று பிரித்து வைத்திருந்தால், வாய்ட் உங்கள் கணக்குக்குள் நுழைய வாய்ப்பே இருந்திருக்காது. ஆனால் தற்சுழற்சியைப் பழகுவதற்காக எழுதியது என்றால், மேலே உள்ள திருத்தமே போதும்.

திருத்திய பின் 1, 2, 3, 4 பட்டியலோடு ஓட்டும்போது 242 என்று ஒட்டிக்கொண்டு தெரிந்தால் மறுபடியும் பிழை என்று பதற வேண்டாம். முதல் இரண்டும் அச்சான 2, 4. கடைசியில் நிற்கும் 2, செயற்கூறு திருப்பித் தந்த எண்ணிக்கை. டிஸ்பிளே வரியை முடிப்பதில்லை. அதன் இடத்தில் 'டிஸ்பிளேஎல்என்' என்று மாற்றினால் ஒவ்வொன்றும் தனி வரியில் வரும்.